இடது கை நூற்று நான்கு

ஜூன் 9

நாளை பள்ளிக்கூடம் திறக்கிறது. டிராக் பேண்ட் இரண்டையும் துவைத்துப் போட்டேன். இந்த மழையில் காயாது என்று தெரியும், இருந்தாலும் போட்டேன்.

மாநில சங்கத்தின் அறிவிப்பு வாட்ஸாப்பில் வந்துவிட்டது. கால்பந்து நடுவர்களுக்கான தேசியப் பட்டியலில் பெண்களைச் சேர்க்க ஓட்டத் தேர்வு, செப்டம்பர் 14, திருச்சியில். முப்பத்தெட்டு வயது முடியாதவர்கள் மட்டும். எனக்கு டிசம்பரில் முடிகிறது. ஆகவே இதுதான் கடைசி. போன தடவை காய்ச்சல், அதற்கு முந்தின தடவை மாமியாரின் அடக்கம். இந்தத் தடவை யார் காய்ச்சலில் கிடந்தாலும் யார் போனாலும் நான் திருச்சியில் நிற்பேன்.

பதினைந்து வருடமாக இந்தக் கடற்கரையில் விசில் ஊதுகிறேன். சர்ச் திருவிழாக் கோப்பைகளில் ஆண்கள் ஆட்டத்துக்கும் நான்தான் நடுவர். என்னிடம் திட்டு வாங்காத கோல்கீப்பர் இந்தப் பக்கத்தில் கிடையாது. ஆனால் மாவட்டத்துக்கு வெளியே ஷெர்லின் என்றால் யாருக்கும் தெரியாது. ஒரு தடவையாவது டிவியில் வருகிற மைதானத்தில் விசில் ஊத வேண்டும். ஆசைதான். எழுதிவிட்டேன், போகட்டும்.

வீட்டுக்காரர் ஆன்றோ தன் கடைக்குப் புதிதாக வந்த ஸ்மார்ட் வாட்ச் ஒன்றைக் கொண்டுவந்து என் இடது கையில் கட்டினார். நெஞ்சுத் துடிப்பைக் காட்டுமாம். உட்கார்ந்திருந்தபோது எழுபத்தொன்று காட்டியது. விரலில் மாட்டுகிற கிளிப் ஒன்று கடையில் இருக்கிறது, அதையும் மாட்டிப் பார்த்தார். அதிலும் எழுபத்தொன்று.

“பாத்தியா பிள்ள? மனுசன் பொய் சொல்லுவான், இது சொல்லாது” என்றார். மொபைல் கடைக்காரரைக் கட்டினால் இப்படித்தான்.

என் பழைய வாட்ச் வலது கையிலேயே இருக்கட்டும். நடுவர்களுக்கு இரண்டு வாட்ச் கட்டுவது வழக்கம். ஒன்று நிற்காமல் ஓடும். மற்றது ஆட்டம் நின்றால் நிறுத்துவதற்கு.

ஜூன் 13

மழை. ஓடவில்லை. டிராக் பேண்ட் இன்னும் காயவில்லை.

ஜூன் 20

விடிந்ததும் சர்ச் மைதானத்துக்குப் போனோம். தேர்வு நடக்கிறது போலவே ஆன்றோ கூம்புகள் வைத்தார். முதலில் நாற்பது மீட்டர் வேக ஓட்டம் ஆறு. பிறகு மைதானத்தைச் சுற்றி ஓட்டமும் நடையும் மாறி மாறி, பத்துச் சுற்று. விசில் அடிக்கும்போது அடுத்த கூம்பைத் தாண்டியிருக்க வேண்டும். ஒரு தடவை பிந்தினால் எச்சரிக்கை, மறு தடவை பிந்தினால் வீட்டுக்கு.

வாட்சில் வருகிற எண் அவர் போனிலும் வருகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஏலம் விடுகிற மாதிரி கத்தினார். நூற்று நாற்பது, நூற்று ஐம்பத்தெட்டு, நூற்று அறுபத்து மூன்று. ஏழாவது சுற்றில் திடீரென்று குரல் மாறியது.

“ஏ பிள்ள! நூத்தி நாலு! ஓடும்போதே இறங்குது! நீ மனுசியா குதிரையா?”

அந்தச் சமயத்தில் நெஞ்சுக்குள் ஏதோ படபடவென்று அடித்தது. வள்ளத்தில் கொட்டின மீன் துடிக்கிற மாதிரி. கால் கொஞ்சம் துவண்டது. ஷூ கயிறு அவிழ்ந்திருந்ததால் உட்கார்ந்து கட்டினேன். அதற்குள் எல்லாம் சரியாகிவிட்டது. காப்பி குடிக்காமல் போனது என் தப்பு.

நூற்று நான்கு. ஓடும்போது இவ்வளவு குறைந்த துடிப்பு எவ்வளவோ பெரிய வீராங்கனைகளுக்குக்கூட இருக்காது என்கிறார் ஆன்றோ.

ஜூன் 28

கடைக்குப் போனால் கண்ணாடிக் கதவில் என் படம். விசிலோடு, மஞ்சள் அட்டையைத் தூக்கிக்கொண்டு. கீழே பெரிதாக, ‘முழு வேக ஓட்டத்திலும் 104! எங்கள் ஷெர்லின் டீச்சர் கட்டுவது இந்த வாட்ச்!’

“எடுங்க அத. வெக்கமா இருக்கு.”

“என்னத்துக்கு வெக்கம்? காலையில நடக்கப் போற ஆளுவ எல்லாரும் கேட்டு வாங்குதாவ. ஸ்டென்ட் வச்ச பென்சன் வாத்தியாருகூட ஒண்ணு வாங்கிட்டுப் போனாரு.”

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கல்ஃபிலிருந்து கையை வீசிக்கொண்டு திரும்பி வந்த பிறகு, அந்த முகத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. படம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜூலை 7

அந்தோணியார் திருவிழாக் கோப்பை அரையிறுதி. காலையிலிருந்தே மூடாப்பு, ஆட்டம் முழுக்கத் தூறல். இரண்டாவது பாதியில் வலது ஓரமாக ஒரு பையன் பந்தோடு பாய்ந்தான், நானும் கூடவே ஓடினேன். கோல் பெட்டிக்குள் அவன் விழுந்தது தெரிந்தது. யார் கால் பட்டது என்று தெரியவில்லை. கண்ணுக்கு முன்னால் கறுப்புப் புள்ளிகள் பறந்தன. பெனால்டி கொடுத்தேன்.

“டீச்சரே, கண்ணு தெரியல்லியா? அவன் தானா விழுந்தான்!” என்று காப்டன் வந்து நின்றான். மஞ்சள் அட்டை காட்டினேன். என்னிடம் யாரும் வழக்காடக்கூடாது.

ஆட்டம் முடிந்ததும், லைன் நடுவராக நின்ற புஷ்பலீலா கொடியைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். மார்த்தாண்டத்துக்காரி, எனக்கு எட்டு வயது இளையவள். நான்தான் அவளுக்கு விசில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தேன். அவளும் திருச்சிக்கு வருகிறாள்.

“அக்கா, உங்க முகம் வெளுத்துப் போச்சு. என்ன செய்யுது?”

“வெயில்” என்றேன்.

அவள் வானத்தைப் பார்த்தாள்.

ஜூலை 15

வலது கையில் இருந்த பழைய வாட்சின் வார் அறுந்துபோயிற்று. ஒரு கை வெறுமையாக ஓடினால் எனக்குச் சட்டை போடாத மாதிரி இருக்கும். புஷ்பலீலா தன்னுடைய ஸ்மார்ட் வாட்சைக் கழற்றிக் கொடுத்தாள். ஆன்றோ கடையில் வாங்கியதுதான், அதே ரகம். ஆன்றோ சரக்கு எடுக்கத் திருவனந்தபுரம் போயிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் மட்டும் ஓடினோம்.

எட்டாவது சுற்றில் அந்தப் படபடப்பு வந்தது. நின்று இரண்டு கையையும் பார்த்தேன். இடது கை நூற்று நான்கு. வலது கை இருநூற்று எட்டு.

இப்படி வந்தால் என்ன செய்வது என்று ஒரு நடுவருக்கா தெரியாது? ஒரு லைன்ஸ்மேன் கொடி தூக்குகிறான், மற்றவன் தூக்கவில்லை. எவன் பக்கத்தில் நின்று பார்த்தானோ அவன் சொல்வதைத்தான் எடுக்க வேண்டும். இதயம் இடது பக்கம் இருக்கிறது. இடது மணிக்கட்டு அதற்குப் பக்கம். வலது கையிலோ விசிலை வேறு இறுக்கிப் பிடித்திருக்கிறேன், அது குலுங்கிக் குலுங்கி ஏதோ எண்ணியிருக்கும். தீர்ப்பு, இடது கைக்கு.

ஜூலை 16

இடது கைதான் சரி. முடிந்துபோன விஷயம்.

ஜூலை 21

புஷ்பலீலாவின் வாட்சைத் திருப்பிக் கொடுத்தேன். பழுது, மாற்றிக்கொள் என்றேன். அவளுக்குக் கோபம்.

“எனக்கு அது சரியாத்தான் காட்டுது. அக்கா, நூத்தி நாலுக்க ரெண்டு மடங்கு எவ்வளவு? இருநூத்தி எட்டு. ஒண்ணு ரெண்டு துடிப்ப ஒண்ணா எண்ணுது. எது அப்படி எண்ணுதுன்னு கழுத்துல வெரல வச்சுப் பாத்தா தெரிஞ்சு போவும். ஒரு நிமிசம் ஆவாது.”

“நீ பேசாம கணக்கு டீச்சரா போயிருக்கலாம்.”

“வெளையாடாதிய. ஒரு டாக்டரப் பாருங்க.”

டாக்டர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். இந்த வயதில் ஓட்டம் என்னத்துக்கு, வீட்டில் இருங்கள் என்பார். ஒரு சீட்டில் எழுதியும் கொடுப்பார். அந்தச் சீட்டு கைக்கு வந்துவிட்டால் திருச்சி போயிற்று. தீர்ப்பு சொன்ன பிறகு கூட்டத்தைப் பார்த்து சரியா தப்பா என்று கேட்கிற நடுவர் நான் இல்லை. அதை அவளிடமும் சொன்னேன். நான் கூட்டமா அக்கா என்று கேட்டாள். கிளம்பி வந்துவிட்டேன். வழியெல்லாம் மனசு சரியில்லை.

ஆகஸ்ட் 4

சாளைக் குழம்பு வைத்தேன். ஏழாம் வகுப்புக்கு விளையாட்டுச் சீருடை அளவு எடுத்தேன். காலையில் தனியாகத்தான் ஓடுகிறேன். ஆன்றோ பாவம், கடையடைத்து வந்து அசந்து தூங்குகிறார், எதற்கு எழுப்ப வேண்டும். வாட்சை வீட்டிலேயே சார்ஜில் போட்டுவிட்டுப் போகிறேன். சார்ஜ் சீக்கிரம் இறங்குகிறது.

ஆகஸ்ட் 15

பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி முடித்து, பிள்ளைகளுக்கு ரிலே ஓட்டம் வைத்தேன். கடைசியில் டீச்சரும் ஓட வேண்டும் என்று சத்தம் போட்டார்கள். ஓடினேன். முடிக்கிற கோட்டுக்கு அருகில் வழுக்கிவிட்டது.

இதை இவ்வளவோடு விட்டிருக்கலாம். ஆனால் ஆன்றோ ஸ்கூட்டரில் கூப்பிட வந்தபோது ஒன்பதாம் வகுப்பு ஆஷ்மி ஓடி வந்து, “மாமா, டீச்சர் கண்ணு சொருகி விழுந்தாவ. நாங்க தண்ணி தெளிச்சோம்” என்று சொல்லிவிட்டாள்.

அவர் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தினார். முகம் கறுத்துப் போயிற்று. போனை எடுத்து அந்த நேரத்துக் கணக்கைத் தேடினார். சுதந்திர தினத்துக்குப் புதுச் சேலையும் வாட்சுமாகத்தான் போயிருந்தேன். நூற்று இரண்டு என்று காட்டியது.

“நூத்தி ரெண்டுதான். ஒண்ணும் இல்ல பிள்ள. காலையில சாப்பிட்டிருக்க மாட்ட, அதாக்கும்.” பெருமூச்சு விட்டு மறுபடி ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்! நிம்மதியாக இல்லை. கோபம்தான் வந்தது. பொண்டாட்டி மயங்கி விழுந்தாள் என்று ஒரு பிள்ளை சொல்கிறது, இவர் போனைப் பார்த்துச் சமாதானம் ஆகிறார். நம்பாமல் என்னைத் திட்டியிருக்கலாம், இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். எதைச் சொல்லாமல் மறைக்கிறேனோ அதை அவராகவே கண்டுபிடிக்கவில்லை என்று அவர்மேல் கோபப்படுகிறேன். இது எந்த ஊர் நியாயம்?

மயங்கித்தான் விழுந்தேன்.

ஆகஸ்ட் 25

இன்று முழுத் தேர்வும் வைத்துப் பார்க்கலாம் என்று ஆன்றோ எழுப்பினார். மறுக்க முடியவில்லை. ஆறு வேக ஓட்டமும் நன்றாக முடிந்தன. ஐந்தாவது சுற்றிலேயே வந்துவிட்டது. இந்தத் தடவை நிற்கவில்லை. அடுத்த கூம்புக்கு விசில் அடித்தபோது நான் பாதியில்தான் இருந்தேன். எச்சரிக்கை. அதற்கடுத்த விசிலுக்கு ஈர மண்ணில் உட்கார்ந்திருந்தேன்.

போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். “நூத்தி நாலுதான் பிள்ள! ஒண்ணும் இல்ல, எழும்பு! இன்னும் அஞ்சு சுத்துதான்!”

அவர் கையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு விரலை என் கழுத்தில், தாடைக்குக் கீழே வைத்தேன். “எண்ணுங்க” என்றேன்.

எண்ண ஆரம்பித்தார். உதடு அசைந்தது. கொஞ்ச நேரத்தில் உதடு பிந்திவிட்டது, விரலுக்குக் கீழே அடிப்பதை வாயால் பிடிக்க முடியவில்லை. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். மறுபடியும் விட்டார். பிறகு எண்ணவில்லை. விரலை மட்டும் எடுக்காமல், என்னையே பார்த்துக்கொண்டு முட்டி போட்டிருந்தார். மறு கையில் போன் நூற்று நான்கு என்று காட்டிக்கொண்டே இருந்தது.

கொஞ்சம் கழித்து அந்தப் படபடப்பு தானாக அடங்கியது. அடங்கியது அவருக்கும் விரலில் தெரிந்திருக்க வேண்டும்.

“எப்பத்துல இருந்து?”

“ஜூன்ல இருந்து.”

“எனக்கிட்ட சொல்லல்லியே, ஷெர்லி.”

“நீங்க கடையில படம் ஒட்டிட்டிய.”

அது அநியாயமான பதில். படம் ஒட்டுவதற்கு முன்பே நான் சொல்லியிருக்கலாம். அவர் அதைக்கூடச் சொல்லவில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்து, “நான் எத்தன பேருக்கு வித்துட்டேன்” என்றார். பிறகு அழுதார். கல்யாணம் ஆன இத்தனை வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்குப் பயம் வந்தது, முதல் தடவையாக, நிஜமான பயம்.

ஆகஸ்ட் 28

நாகர்கோவிலில் இதய டாக்டர். என்னைவிடக் கொஞ்சம் மூத்த பெண். படுக்க வைத்து எடுத்த ஈசிஜியில் ஒன்றும் இல்லை. நெஞ்சில் ஒட்டுகிற வயர்களோடு டிரெட்மில்லில் ஓடச் சொன்னார். வாட்சையும் கட்டிக்கொண்டே ஓடுங்கள் என்றார்.

கடைசி வேகத்தில் வந்தது. டிரெட்மில்லை உடனே நிறுத்தி என்னைப் படுக்க வைத்தார்கள். மூச்சை அடக்கி வயிற்றை முக்கச் சொன்னார் டாக்டர். இரண்டாவது தடவை முக்கியதும் சட்டென்று நின்றது. இவ்வளவு எளிதாக நிற்கிற ஒன்றை வைத்துக்கொண்டா இவ்வளவு நாள் நான் தனியாக ஓடிக்கொண்டிருந்தேன்.

பிறகு காகிதத்தைக் காட்டினார். வயர் சொன்னது இருநூற்று எட்டு. அதே நேரம் இடது கை வாட்ச் சொன்னது நூற்று நான்கு.

“இது தோலுக்குள்ள வெளிச்சம் அடிச்சு, ரத்தம் ஏறி இறங்குறதப் பாத்து ஒரு அனுமானம் சொல்லும். சும்மா உக்காந்திருக்கும்போது சரியா சொல்லும். ரொம்ப வேகமா ஓடும்போது கை ஆடும், வார் நகரும், அப்ப தப்பும். இதயம் இப்படி ஒரேயடியா ஓடும்போது ரெண்டு துடிப்ப ஒண்ணா எடுத்துக்கிட்டிருக்கு. எந்தக் கையில கட்டுறீங்கன்றதுக்கும் இதயத்துக்கும் சம்பந்தமே இல்ல.”

நான் தரையைப் பார்த்தேன்.

இதயத்துக்குள் பிறவியிலேயே ஒரு உபரி வயர் மாதிரி இருக்கிறதாம். வேகமாக ஓடும்போது மின்சாரம் அதில் புகுந்து சுற்றிக்கொண்டே இருக்குமாம். தொடை வழியாகக் குழாய் விட்டு அந்த இடத்தை மட்டும் சுட்டுவிடுவார்களாம்.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். “இனி ஓட முடியாதா டாக்டர்?”

“ஏன் முடியாது? ரெண்டு மணி நேர வேலை. மறுநாள் வீட்டுக்குப் போயிடலாம். ஒரு மாசம் கழிச்சு எவ்வளவு வேணா ஓடுங்க.”

“செப்டம்பர் பதினாலுல தேர்வு இருக்கு.”

காலண்டரைப் பார்த்தார். தலையை ஆட்டினார். “இப்ப செஞ்சாலும் அதுக்குள்ள ஓட விடமாட்டேன். செய்யாம ஓடவும் கூடாது, நீங்க மயங்கியே விழுந்திருக்கீங்க. எப்ப ஆரம்பிச்சதுன்னு சொன்னீங்க, ஜூனா? ஜூன்லயே வந்திருந்தா இந்நேரம் நீங்க பாட்டுக்கு ஓடிக்கிட்டிருப்பீங்களே. ஏன் வரல?”

ஓடாதே என்று சொல்லிவிடுவீர்கள் என்று பயந்துதான் வரவில்லை. அதைச் சொல்லாமல், பள்ளிக்கூட வேலை என்றேன். ஆன்றோ பக்கத்தில் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 5

சிகிச்சை முடிந்தது. நல்லபடியாக முடிந்ததாம். தொடையில் கட்டு. ஆஸ்பத்திரி இட்லி கல் மாதிரி.

செப்டம்பர் 9

ஆன்றோ கதவில் இருந்த படத்தைக் கிழித்துவிட்டார். வாட்ச் வாங்கின ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் போய், ஓடும்போது இதை நம்ப வேண்டாம், உடம்பு என்ன சொல்கிறதோ அதைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வருகிறார். சிலர் திட்டினார்களாம். பென்சன் வாத்தியார் டீ கொடுத்தாராம்.

செப்டம்பர் 14

துவரன் பொரியலுக்குப் பயறு நறுக்கிக்கொண்டிருந்தபோது புஷ்பலீலா திருச்சியிலிருந்து கூப்பிட்டாள். ‘அக்கா’ என்று இழுத்ததிலேயே தெரிந்துவிட்டது.

“ஜெயிச்சிட்டியா?”

“ஆமாக்கா.”

“அதுக்கு என்னத்துக்கு சாவு வீட்டுக்குப் பேசுத மாதிரி பேசுத? சந்தோசமா சொல்லு.”

அவள் அழுதாள். நான் அழவில்லை. அவளுக்காக உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். போனை வைத்த பிறகு நறுக்கின பயறையே மறுபடியும் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 13

டாக்டர் சரி என்று சொல்லி ஒரு வாரம் ஆகிறது. முதலில் நடை, பிறகு மெல்ல ஓட்டம். இன்றைக்கு முழுதும் ஓடிப் பார்க்கிறேன் என்றேன். என்னத்துக்கு என்று ஆன்றோ கேட்கவில்லை. கூம்புகளை எடுத்துக்கொண்டு முன்னால் போனார்.

ஆறு வேக ஓட்டம். பிறகு சுற்று. ஐந்து, ஏழு, எட்டு. அது வருகிற இடத்தில் எல்லாம் காத்துக்கொண்டே ஓடினேன். வரவில்லை. மூச்சு வாங்கியது, வியர்வை கண்ணில் இறங்கியது, நெஞ்சு ஓடுகிறவளின் நெஞ்சு எப்படி அடிக்க வேண்டுமோ அப்படி அடித்தது. பத்தாவது சுற்றில் ஒவ்வொரு விசிலுக்கும் கூம்பைத் தாண்டி நாலடி முன்னால் இருந்தேன். ஒரு எச்சரிக்கைகூட இல்லை. திருச்சியில் நான் ஜெயித்திருப்பேன். இப்போது மைதானத்தில் நாங்கள் இரண்டு பேரும் நாலு ஆடும்தான்.

புல்லில் படுத்து அழுதேன். ஆன்றோ பயந்துபோய் ஓடி வந்தார். போனை எடுக்கவில்லை, கழுத்தில்தான் விரலை வைத்தார். உதட்டை அசைத்து முழுதாக எண்ணி முடித்தார்.

“நல்லாத்தான அடிக்குது பிள்ள. பின்ன என்னத்துக்கு அழுத?”

நன்றாக அடிக்கிறதே என்றுதான் அழுதேன்.